லாரி வரிசை நிற்காமல் டேபிள் மாற்றிய கதை

1. ஆயுத பூஜைக்கு மட்டும் லீவு

“ஆயுத பூஜைக்கு மட்டும்தாம்மா நம்ம மேடைக்கு லீவு. மத்த நாள்ல நிறுத்தணும்னா முதல்ல என் மூச்ச நிறுத்திட்டு அப்புறம் மேடைய நிறுத்து” என்றார் ஜமால் பாய். நான் கேட்டது அரை நாள்தான். அதற்கே இவ்வளவு பேச்சு.

2006 வாக்கில் நான் அரியலூரில் ஒரு எடைமேடையில் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். சொந்த ஊர் குன்னம், தங்கியிருந்தது பெரம்பலூர், தினமும் பஸ். இன்சார்ஜ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிரிண்டரில் பேப்பர் மாட்டுவது, மவுஸுக்குள் புகுந்த எறும்பைத் தட்டுவது, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஒரே சம்பளத்தில் அடங்கும். முதலாளி ஜமால் பாய் லப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, ரோட்டோரம் இடம் வாங்கி மேடை போட்டிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி, நடுநடுவே எங்கள் ஊர்ப் பக்கத்து மக்காச்சோள லாரி என்று இரவும் பகலும் வண்டி ஏறி இறங்கும். லாரி மேடை ஏறினால் எடை, இறங்கினால் சீட்டு. இதுதான் தொழில்.

எங்களுக்கு நிறைய லாரி அனுப்புகிற சிமெண்ட் ஆலையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு எடைச் சீட்டிலும் எந்தக் காலத்திலும் திரும்ப வராத ஓர் எண் இருக்க வேண்டும், பர்மிட் நம்பரும் இருக்க வேண்டும். அதாவது சீட்டுகள் பதிவாகிற அட்டவணையில், எங்கள் பாஷையில் டேபிளில், இரண்டு ஃபீல்டு, இரண்டு கட்டம், புதிதாகச் சேர்க்க வேண்டும். கட்டளை ஒரே வரிதான். டேபிளின் காப்பி ஒன்றைப் பெரம்பலூருக்கு எடுத்துப்போய் தோழியின் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சீட்டுக்கு ஒரு வரி என்று இருந்த பழைய ரோக்களுக்கெல்லாம் எண் போட்டுக்கொண்டு அது ஓடியது, ஓடியது, நாங்கள் டீயும் வடையும் முடித்துவிட்டு வந்தபோதும் ஓடிக்கொண்டே இருந்தது. அது முடியும்வரை டேபிளை யாரும் தொட முடியாது, லாக். டேபிளைத் தொட முடியாவிட்டால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாவிட்டால் லாரி நகராது.

லாரி நகராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். வரிசை முதலில் டீக்கடை வரை போகும், அடுத்து பெட்ரோல் பங்க், அதற்கடுத்து ரயில்வே கேட். முன்பு ஒருமுறை வரிசை தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. கேட்டை இறக்க முடியாமல் கேட்கீப்பர் கத்த, ரயில் தூரத்தில் நின்று ஊத, ஊரே வேடிக்கை பார்த்தது. இன்னொரு தடவை வரிசை கேட்டைத் தொட்டால் ஆலை வண்டியெல்லாம் எதிர்ப்பக்கத்துப் போட்டி மேடைக்குப் போய்விடும் என்று ஆலை மேனேஜர் சொல்லியிருந்தார்.

பாய் அதை எனக்கு இன்னும் தெளிவாகச் சொன்னார். “ஆலை போச்சுன்னா நீயும் நானும் டீக்கட போட வேண்டியதுதான் தமிழு. எனக்கு டீ போட வராது. ஒனக்கு வருமா?”

எனக்கும் வராது. ஆகவே லாரி ஓட ஓடவே டேபிளை மாற்றுவது என்று முடிவானது. குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. பழைய டேபிள் பக்கத்திலேயே காலியாக ஒரு புது டேபிள். பழைய ரோக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்கிடையே வருகிற புதுச் சீட்டுகளை ஒரு ட்ரிகர், அதாவது ரோ விழுந்ததும் தானே ஓடுகிற ஒரு குட்டிப் புரோகிராம், புது டேபிளிலும் எழுதிவிடும். எல்லாம் வந்து சேர்ந்ததும் இரண்டு டேபிளின் பெயரையும் ஒரு நொடியில் மாற்றிப்போட வேண்டும். சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது பாருங்கள்.

2. எல்லோருக்கும் ஒன்றாம் நம்பர்

இந்த வேலைக்கு முதல் தேவை, ஒவ்வொரு ரோவையும் தனியாக அடையாளம் காட்டுகிற ஒரு கீ. இல்லாவிட்டால் எதைக் கொண்டுபோனோம், எது பாக்கி என்று தெரியாது. ஒவ்வொரு சீட்டிலும் டோக்கன் நம்பர் இருக்கிறதே, வருஷத்தோடு சேர்த்துப் பிடித்தால் போதும் என்று நான் அலட்சியமாக இருந்தேன். தேடிப் பார்த்தால் ஒரே வருஷத்தில் ஒன்றாம் நம்பர் டோக்கன் ஒரு கும்பலுக்கு இருந்தது.

ஆபரேட்டர் கொளஞ்சியைக் கேட்டேன். கவுண்டரில் உட்கார்ந்து எடை போடுவதும், மைக்கில் லாரி நம்பரைக் கூப்பிடுவதும் அவர்தான். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விளக்கினார். ஆயுத பூஜை முடிந்ததும் டோக்கன் ஒன்றிலிருந்து தொடங்கும். மேடைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியதும் முதலில் ஏறுகிற வண்டிக்கு வருஷம் முழுக்க லோடு கிடைக்கும் என்று டிரைவர்களுக்கு நம்பிக்கை. எல்லோரும் முதலில் ஏறவேண்டும் என்று சண்டை. ஒரு வருஷம் இரண்டு லாரி ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் ஏறி, மேடையில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.

“அதான் பாய் சொல்லிட்டாரு மேடம், காலைல யாரு வந்தாலும் ஒண்ணாம் நம்பரே குடு, யாரு மனசும் நோவக் கூடாதுன்னு” என்றார் கொளஞ்சி.

பொரி கடலை வாங்குகிற செலவும் பாயுடையதுதான். நல்ல மனசு. நல்ல மனசை வைத்துக்கொண்டு யூனிக் கீ போட முடியாது. சரி, லாரி நம்பரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஒரு மகராசன் காலி வண்டியில் வந்து ஒரு ஒன்றாம் நம்பரும், லோடு ஏற்றிக்கொண்டு வந்து இன்னொரு ஒன்றாம் நம்பரும் வாங்கியிருந்தான்.

கடைசியில் டேட்டாபேஸே ஒவ்வொரு ரோவுக்கும் உள்ளுக்குள் ஒரு எண் வைத்திருந்தது கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர்களுக்கு அந்த எண் தெரியாது என்பதால் அதற்கு யாரும் சண்டை போட்டிருக்கவில்லை.

3. தாலி கட்டும் பாகம்

இரண்டாவது தேவை இடம். கொஞ்ச காலத்துக்கு ஒரே டேபிள் இரண்டாக இருக்கும் என்பதால் ஹார்ட் டிஸ்கில் அந்த அளவுக்குக் காலியிடம் வேண்டும். பார்த்தால் டிஸ்க் கழுத்துவரை நிறைந்திருந்தது. எடைச் சீட்டு இவ்வளவு இடம் பிடிக்காதே என்று தோண்டினேன். ஒரு ஃபோல்டருக்குள் கொளஞ்சியின் கல்யாண வீடியோ, பாகம் பாகமாக. பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, மொய் என்று எதையும் விடவில்லை. பந்தி மட்டும் இரண்டு பாகம்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாதாம். சர்வரில் இருந்தால் பத்திரம் என்று நான்தான் எப்போதோ சொன்னேனாம். சிடியில் எழுதித் தருகிறேன் என்றேன். சிடி கீறல் விழுந்துவிடும் என்றார். பாயிடம் போனேன். பாய் வந்து, பந்தியில் தான் சாப்பிடுகிற காட்சியைத் தேடி இரண்டு தடவை பார்த்துவிட்டு, எழுதிவிடும்மா என்றார். கொளஞ்சி ஒவ்வொரு சிடியையும் முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அழிக்க விட்டார். கடைசிப் பாகத்துக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

“தாலி கட்டுறத மட்டும் அழிக்காதீங்க மேடம். அது போச்சுன்னா எங்க மாமனாரு என்ன வேணாலும் சொல்லுவாரு.”

அது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். கணக்குப் போட்டதில் இடம் சரியாக இருந்தது. புது டேபிளும் கொளஞ்சியின் தாலியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.

4. எட்டு ஆகாது

மூன்றாவது, டேபிளில் ஏற்கெனவே யாராவது ட்ரிகர் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் இறங்கியிருந்தால் அன்றைக்கே டீக்கடைக்கு இடம் தேடியிருப்போம். எனக்கு முன்னால் இருந்த புரோகிராமர் சிங்கப்பூர் போய்விட்டார். போகும் முன் உள்ளே ஒன்றை நட்டுவிட்டுப் போயிருந்தார். டோக்கன் எண் எட்டில் முடிந்தால் அதை அந்த ட்ரிகர் மாற்றிவிடும். எட்டு வந்தால் ‘7A’, பதினெட்டு வந்தால் ‘17A’. எட்டு ஆகாத எண்ணாம், டிரைவர்கள் சீட்டைக் கையால் வாங்க மாட்டார்களாம்.

நானோ ஆலை கேட்ட புது எண்ணை, அந்த உள் எண்ணோடு டோக்கனையும் ஒட்டி உருவாக்கலாம் என்று, வெறும் எண் மட்டும் ஏற்கிற ஃபீல்டாக வைத்திருந்தேன். அதில் ‘17A’ வந்து விழுந்தால் என் ட்ரிகர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ட்ரிகர் தோற்றால் சீட்டும் தோற்கும். பத்து லாரிக்கு ஒரு லாரி மேடையிலேயே நிற்கும். பழைய ட்ரிகரை எடுத்துவிடலாமா என்று பாயைக் கேட்டேன். ஆலையைக்கூடப் பகைத்துக்கொள்வேன், டிரைவர்களைப் பகைக்க மாட்டேன் என்றார். டோக்கன் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆலைக்குத் தனியாக ஓர் எண் உருவாக்கினேன். அதைச் சீட்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் அச்சடிக்கச் சொன்னார் பாய். அதில் எட்டு வந்தாலும் எவனும் பார்க்க மாட்டான் என்பது அவர் கணக்கு.

5. கேட் அடைப்பு

பழைய ரோக்களெல்லாம் ஒரு வாரத்தில் நகர்ந்து முடிந்தன. லாரிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. இனி பாக்கி, பெயர் மாற்றுவது மட்டும்தான். ஒரு நொடி வேலை. ஆனால் அந்த ஒரு நொடி டேபிளை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. எங்கள் புரோகிராம் எப்படியென்றால், லாரி மேடை ஏறியதும் அந்தச் சீட்டுக்காக டேபிளைத் திறந்து வைத்துக்கொள்ளும். லாரி முழுதாக இறங்கி, எடை காட்டுகிற இண்டிகேட்டரில் பூஜ்யம் வந்தால்தான் மூடும், சீட்டு அடிக்கும். ஒரு லாரி இறங்குவதற்குள் அடுத்தது முட்டிக்கொண்டு ஏறுவதால் பூஜ்யம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

இதற்கு நான் கண்டுபிடித்த யோசனையில் எனக்கே கர்வம். மதியம் ரயில் வரும்போது கேட் அடைப்பார்கள். லாரியெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்துதான் வரவேண்டும். கேட் அடைத்தால் மேடைக்கு வண்டி வராது. முன்னால் நிற்கிற நாலைந்து வண்டி எடை போட்டு முடிந்ததும் மேடை காலி. அப்போது மாற்றிவிடலாம். யோசனையைக் கேட்டு பாய் மாஷா அல்லாஹ் என்றார்.

சர்வர் பாயின் அறையில் இருந்தது. முக்கியமான நேரம், இந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது பாய் என்று காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். மதியம் கேட் அடைத்தார்கள். முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி லாரி மக்காச்சோளம். அதன் பின்சக்கரம் மேடையை விட்டு இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கட்டளையைக் கொடுத்து என்டர் தட்டினேன்.

கர்ஸர் துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது.

கட்டளை காத்திருக்கிறது என்றால் யாரோ டேபிளைப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேடையில்தான் லாரி இல்லையே. கவுண்டருக்கு ஓடினேன். கொளஞ்சி முன்னால் இண்டிகேட்டர் இருபது கிலோ காட்டியது, முப்பது காட்டியது, மறுபடி இருபது காட்டியது. ஜன்னலுக்கு வெளியே மேடை நடுவில் ஒரு வெள்ளாடு நின்று, லாரியிலிருந்து சிந்திய மக்காச்சோளத்தை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்துக் குடிசை அஞ்சலையின் ஆடு. தினமும் வருகிறதாம். மற்ற நாளில் அடுத்த லாரி வந்து ஹாரன் அடிக்கும், அது ஓடிவிடும், யாரும் கண்டுகொள்வதில்லை. அன்றைக்குத்தான் அடுத்த லாரியே வராத நேரமாகப் பார்த்து நான் வேலை வைத்திருந்தேன். ஆட்டுக்கு அப்படி ஒரு நிம்மதி வாழ்நாளில் கிடைத்திருக்காது.

நிலைமை இதுதான். ஆடு நிற்கும்வரை பூஜ்யம் வராது. பூஜ்யம் வராமல் மக்காச்சோளச் சீட்டு முடியாது. அது முடியாமல் என் கட்டளை நகராது. என் கட்டளை வாசலில் நிற்கிறவரை அதற்குப் பின்னால் யாருக்கும் டேபிள் கிடையாது. ரயில் கடந்து போகிற சத்தம் கேட்டது. கேட் திறந்தால் அத்தனை லாரியும் வந்துவிடும். கட்டளையை ரத்து செய்துவிடலாம் என்று பாயின் அறைக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. நான் சொன்ன சொல்லை மதித்து, நான் வெளியே வந்த மறுநிமிஷமே பாய் பூட்டிவிட்டு ஆட்டை விரட்டப் போயிருந்தார்.

திரும்பி ஓடிவந்தால் மேடை மேல் பாய் நின்றார், கையை வீசி ஆட்டை உஸ் உஸ் என்று விரட்டினார். ஆடு அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுபடி மேய்ந்தது. சத்தம் கேட்டு அஞ்சலை ஓடிவந்து மேடை ஏறினாள். சீட்டுக்காக நின்ற மக்காச்சோள டிரைவர், நேரமாகிறது என்று தானும் ஏறினார். டீக்கடையில் இருந்தவர்கள் ஏறினார்கள். அதற்குள் கேட் திறந்து லாரிகள் வந்து நிற்க, அதிலிருந்து கிளீனர்கள் குதித்து வந்து ஏறினார்கள். கொளஞ்சி பழக்க தோஷத்தில் மைக்கில் எடை சொல்லத் தொடங்கிவிட்டார்.

“நூத்தி அறுவது... இருநூத்தி நாப்பது... முந்நூத்திப் பத்து...”

எல்லோரும் இறங்குங்க என்று ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினேன். ஆட்டைத்தான் இறக்கச் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். பாய், சாவி, சாவி என்றேன். அவர் மேடை நடுவில் நின்று சட்டையின் இந்தப் பையிலும் அந்தப் பையிலும் தேடினார். வரிசையின் வால் டீக்கடையைத் தாண்டிவிட்டது. பங்கைத் தாண்டியது. கேட்கீப்பர் கையில் சிவப்புக் கொடியுடன் வெளியே வந்து எங்கள் பக்கம் பார்ப்பது தெரிந்தது. என் வேலை போவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டின் மேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகை வந்தது.

“நானூத்தி அம்பது... மேடம், இது ஓவர்லோடு இல்ல, இன்னும் ஏறலாம்” என்றார் கொளஞ்சி.

முதலில் நின்ற சுண்ணாம்புக்கல் லாரியின் டிரைவருக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. எடைமேடையில் ஒரு கூட்டம் ஆட்டைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தால் அவர்தான் என்ன நினைப்பார். பொறுமை போய், ஏர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். அது ரோடு அதிர்கிற ஹாரன். பாய் ஒரு பக்கம் குதித்தார், அஞ்சலை ஒரு பக்கம் குதித்தாள், கூட்டம் மொத்தமும் சிதறியது. ஆடு எல்லோருக்கும் முன்னால் குதித்து ஓடியது.

“பூஜ்யம்” என்றார் கொளஞ்சி மைக்கில்.

பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று மக்காச்சோளச் சீட்டை அடித்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஏறியது, இறங்கியது, அதற்கும் சீட்டு வந்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில், சின்ன எழுத்தில், ஆலை கேட்ட எண். டேபிள் மாறிவிட்டது. வரிசையின் கடைசி லாரி கேட்டுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. அதன் பின்கதவைத் தட்டி கேட்கீப்பர் ஏதோ திட்டினார். அப்புறம் அதுவும் நகர்ந்தது.

6. போன்

சாயங்காலம் பாயின் அறையில் உட்கார்ந்திருந்தேன். சாவி அவர் பையில் இருக்கவில்லை, பூட்டிலேயே தொங்கியது. பதற்றத்தில் நான் கதவைத்தான் பார்த்தேன், பூட்டைப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கற்றதை இன்றைக்கும் என் டீமில் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ரோவுக்குக் கீ இருக்கிறதா, டிஸ்கில் இடம் இருக்கிறதா, முன்னால் இருந்தவர் ட்ரிகர் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதெல்லாம் சரி. பெயர் மாற்றுகிற கட்டளைக்கு ஒரு நேர வரம்பு போடுங்கள். அதற்குள் டேபிள் கிடைக்கவில்லை என்றால் கட்டளை தானே விலகி மற்றவர்களுக்கு வழி விடட்டும். பத்து தடவை முயன்று பதினோராவது தடவை ஜெயித்தால் அதில் அவமானம் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதுதான் தப்பு. கூட்டம் இல்லாத நேரம் என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் வேறு யார் வருவார்கள் என்றும் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் அப்படி உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஆலை மேனேஜர். பாய் எழுந்து நின்று பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார், வேலை போகிற செய்தியை இரண்டு பேருமே கேட்டுக்கொள்வோம் என்று நினைத்திருப்பார்.

“என்ன பாய், தேதி நெருங்குது. கம்ப்யூட்டர் வேல இருக்குன்னீங்களே, எப்பத்தான் ஆரம்பிக்கப் போறீங்க?”

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“முடிஞ்சிருச்சு சார்” என்றார். “இன்னிக்கு மத்தியானம் வந்த சீட்டு கையில இருக்கா? அடியில பாருங்க. கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம். பிறகு, சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டார். நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் கொளஞ்சியைக் கூப்பிட்டு, சர்வரில் மிச்சமிருந்த அந்தத் தாலி கட்டும் பாகத்தைப் போடச் சொன்னேன். மூவரும் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தோம்.

இப்போதும் ஏதாவது ஒரு பிள்ளை இதுபோல டேபிள் மாற்றுகிற பெரிய மைக்ரேஷன் ஒன்றை முடித்துவிட்டு, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை மேடம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்கும். ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றால் நீ சரியாகச் செய்திருக்கிறாய், போய்ச் சாப்பிடு என்பேன்.